மர்சுதி மந்திரியின் “ஆகட்டும்”

மந்திரி என்றதும் காரையும் கொடியையும் நினைத்துவிட வேண்டாம். ஜகார்த்தா இருக்கிற தீவில், குனுங் கிதுல் சுண்ணாம்பு மலைப்பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவருக்கு அதுதான் பேர். நேரில் கூப்பிடும்போது ‘பாக்’, அதாவது ஐயா, என்று முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். மர்சுதி மந்திரியின் ராஜ்ஜியம் மொத்தமும் ஒரு பழைய மோட்டார் பைக்கில் அடங்கிவிடும். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய நைட்ரஜன் குடுவை, தோள் வரை ஏறுகிற பிளாஸ்டிக் கையுறை ஒரு பெட்டி, வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக ஏழு குக்கிராமத்துப் பசுக்களும் அவர் கைக்குப் பழக்கம்.

தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை. யார் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேரே “முடியாது” என்று சொல்ல வாய் வராது. அந்த மலையில் யாருக்குமே வராது, அது வேறு விஷயம். கடன் கேட்டாலும் ஆகட்டும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் ஆகட்டும். ஆனால் மற்றவர்கள் ஆகட்டும் என்று இழுக்கிற இழுப்பிலேயே, இது நடக்கும், இது நடக்காது என்று எதிராளிக்குப் புரிந்துபோகும். நம்ம மர்சுதியின் ஆகட்டும் எல்லாம் ஒரே சுதி. அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இந்த மனுஷருக்கு அதனால்தான் அத்தனை வினையும் வந்தது.

ஊருக்குள் அப்போது சிம்மெண்டால் என்கிற சீமைச் சாதிக் காளை மேல் மோகம் தலைக்கேறி இருந்தது. அந்தப் பேர் யாருக்கும் வாயில் நுழையாமல் ‘மெட்டல்’ என்றே ஆகிவிட்டது. செங்காவி உடம்பு, வெள்ளை மூஞ்சி, பீரோ மாதிரி ஆகிருதி. தொழுவத்தில் ஒரு மெட்டல் கன்று நின்றால் அந்த வீட்டுக்காரர் நடையே மாறிவிடும். அங்கே பரம்பரையாக இருப்பதோ நம்ம ஓங்கோல் வம்சத்துச் சாம்பல் மாடுகள். அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய் அங்கேயே குடும்பம் நடத்திவிட்டவை. மலைப் புல்லைத் தின்று தின்று உருவமும் சிறுத்துப்போயிற்று. அந்தச் சின்ன இடுப்புக்குள் மெட்டல் கன்றை வைத்தால் எந்த வழியாக வெளியே வரும்? நாலு கன்று போட்டுத் தேர்ந்த பசு என்றால் ஒருமாதிரி சமாளித்துவிடும். தலையீத்துக் கிடேரி பாவம், என்ன செய்யும்!

மர்சுதிக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் கெர்த்தோ என்கிற விவசாயி தன் கிடேரிக்கு மெட்டல் கேட்டார். ஒன்றரை வயசுகூட ஆகாத கிடேரி. வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. “ஆகட்டும்” என்று சொல்லிப் போட்டுவிட்டு வந்தார். ஒன்பது மாசம் கழித்துக் கன்று பாதி வழியில் மாட்டிக்கொண்டது. தாயும் போச்சு, கன்றும் போச்சு. கெர்த்தோ ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். சர்க்கரை போட்ட டீயும் வறுத்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்தார். “சிரமம் கொடுத்துட்டோம் பாக் மந்திரி, மன்னிச்சுக்கணும்” என்றார். அதற்குப் பதில் அந்த மனுஷர் நாலு அறை அறைந்திருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் மர்சுதி.

அன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்தார். முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளலாம் என்றா? அதுதான் இல்லை. பொய் சொல்லிவிடலாம் என்று.

குடுவைக்குள் உறைந்து கிடக்கிற விந்துக் குழாய் துடைப்பக் குச்சி பருமன் இருக்கும். வெள்ளைக் குழாய் மெட்டல், நீலக் குழாய் ஓங்கோல். ஏற்கெனவே போட்டுத் தீர்ந்த வெள்ளைக் குழாய் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிடேரி வைத்திருப்பவர் மெட்டல் கேட்டால் “ஆகட்டும்” என்று அந்தக் காலிக் குழாயை எடுத்துக் காட்டுவார். மாட்டுக்காரர் வாலைப் பிடிக்கப் போன நேரம் பார்த்து நீலக் குழாயை ஊசியில் ஏற்றிவிடுவார். முதல் கன்று சின்னதாக, சாம்பலாக, வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். தாய் எழுந்து நின்று நக்கும். இரண்டாம் ஈத்துக்கு, இடுப்பு விரிந்த பிறகு, கேட்ட மெட்டலை யோக்கியமாகப் போட்டுவிடுவார்.

“பாக் மந்திரி, மெட்டல்னு சொன்னீங்க, சாம்பலா வந்திருக்கே?”

“தாயோட பாட்டன் நிறம் சில சமயம் மேல வந்துரும்” என்பார் ஒரு வீட்டில். “சினையா இருக்கறப்ப எதிர்ல சாம்பல் மாடு கட்டியிருந்தீங்களோ?” என்பார் இன்னொரு வீட்டில். வருஷங்கள் ஓட ஓட அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. “நம்ம மண்ணுல தலையீத்து சாம்பலாத்தாம்பா வரும். ரெண்டாவதுக்குத்தான் செவப்பு ஏறும்” என்று ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது. பால் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர், அது தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பினால் என்று விளக்கம்கூடச் சொன்னார். மர்சுதி ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

எல்லாரும் நம்பினார்கள், பொனிராவைத் தவிர.

பொனிரா தெம்பே போடுகிறவள். சோயாவை ஊறவைத்து, தோல் கழற்றி, வேகவைத்து, தேக்கிலையில் பொதிந்து, கட்டியாகப் புளிக்கவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். ஐம்பத்தைந்து வயசு. பிள்ளைகள் ஜகார்த்தாவில். வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது மெனிக் என்கிற கிடேரி ஒன்றுதான். தாய்ப்பசு ஒரே வாரத்தில் செத்துப்போனதால் சோயாக் கஞ்சி புகட்டி அவளே வளர்த்த கிடேரி. அதற்குச் சளி பிடித்தால் இவள் சந்தைக்குப் போக மாட்டாள்.

பக்கத்து வீட்டு சுராத்திடம் ஒரு மெட்டல் காளை இருந்தது. அதைக் குளிப்பாட்டக் குளத்துக்கு நேர் வழி இருக்க, தினமும் பொனிரா வாசலைச் சுற்றிக்கொண்டுதான் ஓட்டிப் போவார். மனுஷருக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். “இந்த மெனிக் எலிக்குட்டி போடுமா, பூனைக்குட்டி போடுமா?” என்று ஒருநாள் வாய் விட்டார். வந்ததே ஆங்காரம் பொனிராவுக்கு. மெனிக் முதல் தடவை பருவத்துக்குக் கத்தின அன்றைக்கே மர்சுதிக்குப் போன் பறந்தது.

மர்சுதி வந்து மெனிக்கின் இடுப்பைச் சாண் போட்டுப் பார்த்தார். நாலு விரல்கடை குறைந்தது.

“மெட்டல்தான் போடணும்” என்றாள் பொனிரா.

“ஆகட்டும்க்கா” என்று சட்டைப்பையில் இருந்த வெள்ளைக் குழாயை எடுத்தார்.

“பையில இருந்து எடுக்கறீங்களே, அது உறைஞ்சு இருக்க வேணாமா? எங்கண்ணு முன்னாடி குடுவையைத் திறந்து எடுங்க பாக் மந்திரி. ஊரு முழுக்கத் தலையீத்து சாம்பலா வந்தா வரட்டும். எங்க வீட்டுல வரக்கூடாது.”

இருபது வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. மர்சுதி காலிக் குழாயைப் பையிலேயே திணித்தார். குடுவையைத் திறந்து நிஜ வெள்ளைக் குழாயை எடுத்து, உறைவு இளக வெந்நீரில் போட்டார். அவள் வால் பக்கம் போன நொடியில் நீலத்தையும் எடுத்து அதே தண்ணீரில் போட்டார். தொழுவத்துக்குள் இருட்டு. அந்த நேரம் பார்த்துத்தானா சுராத் வேலிக்கு மேலே தலையை நீட்டி “என்ன விசேஷம்?” என்று கேட்கணும்! பதறிப்போய் ஒன்றை ஊசியில் ஏற்றினார், இன்னொன்றைப் பையில் போட்டார், வேலையை முடித்தார், தீர்ந்த குழாயையும் பையில் திணித்தார், வண்டியை எடுத்தார். வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோதுதான் சுரீரென்றது. எதை ஏற்றினோம்?

வந்த உடனேயே மனைவி யாத்மி சட்டையைக் கழற்றச் சொல்லித் தோய்க்க எடுத்துப் போயிருந்தாள். ஈரத்தோடு ஓடினார்.

“பையில குழாய் இருந்துச்சே?”

“மூணு குப்பை இருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்.”

“என்ன நிறம்?”

“குப்பைக்கு என்ன நிறம்? குப்பை நிறந்தான்.”

போச்சு. அன்றைக்குப் பிடித்தது மர்சுதிக்குச் சனியன். அடுத்த பருவத்துக்கு மெனிக் கத்தவில்லை, சினை நின்றுவிட்டது. வயிற்றில் இருப்பது எது? வெள்ளையென்றால் கெர்த்தோ வீட்டுக் கதைதான் இங்கேயும். உண்மையைச் சொல்லிச் சினையைக் கலைத்துவிடலாம் என்று நாலு தடவை கிளம்பிப் போனார். நாலு தடவையும் பொனிரா முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. அவள் இவர் தெம்பேக்காக வருகிறார் என்று நினைத்து இரண்டு பொதி கட்டிக் கொடுத்து அனுப்புவாள். யாத்மி, “மறுபடியும் தெம்பேயா? அந்த வீட்டுல என்னதான் வேலை?” என்று முறைக்க ஆரம்பித்தாள்.

ஏழாம் மாசம் எப்படியோ தைரியம் வந்து, “அக்கா, இனிமே தீனியைக் கொஞ்சம் மட்டு பண்ணுங்க. சோயாத் தோலைப் பாதியாக் குறைச்சிருங்க. கடைசி மாசங்கள்ல அள்ளி வெச்சா கன்று உள்ளயே ஊதிரும், தாய்க்கும் இடுப்புக்குள்ள கொழுப்பு அடைச்சுக்கும்” என்றார்.

“ஆகட்டும்” என்றாள் பொனிரா.

அவளும் அந்த ஊர்க்காரிதானே! மந்திரி வண்டி திருப்பம் தாண்டினதும் இன்னொரு கூடைத் தோல் கொண்டுவந்து மெனிக் முன்னால் கொட்டினாள். பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடச் சொல்கிற வைத்தியத்தை அவள் எங்கும் கேள்விப்பட்டதில்லை. தவிடு வேறு, காய்ந்த மரவள்ளி வேறு. மெனிக் உருண்டு திரண்டு நின்றது.

நாள் கடந்து பத்து நாளாகியும் ஈனவில்லை. பதினோராம் நாள் காலையில் பொனிரா சோயா வடித்துக்கொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்தது. இரண்டு குளம்பு எட்டிப் பார்த்தது. ஒரு மணி நேரம் ஆச்சு, இரண்டு மணி நேரம் ஆச்சு, குளம்பு அதே இடத்தில் நிற்கிறது. மர்சுதி வந்து சேர்ந்தபோது சுராத்தும் இன்னும் ஆறேழு பேரும் தாம்புக்கயிறோடு தயாராக நின்றார்கள்.

கையை விட்டுப் பார்த்தார். தலை நேராக இருந்தது. பருமனைப் பார்த்தால் காளைக்கன்று போல, அதுவே இரண்டு கிலோ கூட. வழி ஒரே இறுக்கம். நாக்கைக் கிள்ளினால் சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது, உயிர் இருக்கிறது. நிறம் கைக்கு எங்கே தெரியும்!

“பெருசா இருக்கா?” என்றாள் பொனிரா. முகத்தில் கவலையும் பெருமையும் பாதிப் பாதி. “மெட்டல்னா சும்மாவா?”

மர்சுதி கையை வெளியே எடுத்தார். மெட்டலாக இருந்தால் இழுக்கவே கூடாது. டாக்டர் வந்து வயிற்றைக் கீறி எடுக்கணும். டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும். ஓங்கோலாக இருந்தால் இப்போதே இழுக்கணும், இரண்டு மணி நேரம் காத்திருந்தால் கன்று செத்துவிடும். எதைச் செய்வது என்றாலும் இவள் மாடு, இவள்தான் சொல்லணும். இவள் சொல்ல வேண்டுமானால் இவர் வாயைத் திறக்கணும். மெனிக் ‘ம்ம்’ என்று ஒரு முனகல் முனகியது.

“அக்கா, உள்ள இருக்கறது மெட்டலா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

“என்ன?”

“மாத்திப் போடத்தான் பார்த்தேன். தலையீத்துக்கு நான் மெட்டல் போடறதே இல்ல. இருபது வருஷமா யாருக்கும் போட்டதில்ல. அன்னைக்கு அவசரத்துல எதைப் போட்டேன்னு தெரியல.”

சுராத் தன் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் வீட்டுத் தலையீத்துச் சாம்பல் கன்றை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் தாம்புக்கயிற்றைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டார்கள், மரியாதைக்காரர்கள்.

பொனிரா மர்சுதியின் கண்ணையே பார்த்தாள். “ஒன்பது மாசமா இதுக்குத்தான் வந்து வந்து நின்னீங்களா?”

“ஆமாக்கா.”

“சண்டையை அப்புறம் வெச்சுக்கறேன். இப்ப உங்க கை என்ன சொல்லுது?”

மர்சுதி மறுபடி கையை விட்டார். குளம்புக்கு மேலே கணுவை விரலால் வளைத்துப் பிடித்தார். விரல் நுனிகள் தொட்டும் தொடாமலும் நின்றன. மெட்டல் கணு என்றால் ஒரு விரல்கடை இடைவெளி விழும். இதுவோ ரெண்டுங்கெட்டான். தாய் தின்ற தீனியும், காளைக்கன்றாகப் போனதும், உள்ளே கூடுதலாகக் கிடந்த பத்து நாளும் கணக்கில் கழித்துப் பார்த்தார்.

“இழுக்கலாம்னு சொல்லுது. சத்தியமா நிச்சயம் கிடையாதுக்கா.”

“இழுங்க.”

தேங்காயெண்ணெயைக் குடம் குடமாக ஊற்றினாற்போல் ஊற்றித் தடவினார். கணுவுக்கு மேலே சுருக்குப் போட்டார். கயிறு கையில் வந்ததும் சுராத் காலை ஊன்றி, “எல்லாரும் சேர்ந்து, ஒரே மூச்சு!” என்று கத்தினார்.

“வேண்டாம்!”

அந்தக் குரல் யாருடையது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மர்சுதியுடையதுதான். அவருக்கே ஆச்சரியம்.

“கையை எடுங்க சுராத்! அது முக்கறப்ப மட்டும் இழுக்கணும். முதல்ல வலது கால், அப்புறம் இடது கால். நான் சொல்லாம ஒருத்தரும் இழுக்கக்கூடாது!”

சுராத் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை எடுத்தார். மெனிக் முக்கியது. “வலது… நிறுத்து. மூச்சு விடட்டும். இடது… நிறுத்து.” பொனிரா மெனிக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “எந்தங்கமே, இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று ஒவ்வொரு தடவையும் அதே ஒண்ணே ஒண்ணைச் சொன்னாள். அரைமணி நேரத்தில் மூக்கு தெரிந்தது, நெற்றி தெரிந்தது. “இப்ப கீழ் பக்கமா!” தோள் வந்தது, அப்புறம் மொத்தமும் சரிந்து மர்சுதி மடியிலேயே விழுந்தது.

சாம்பல். மூஞ்சியிலிருந்து வால் வரை சாம்பல்.

மூச்சு இல்லை. மூக்குக்குள் வைக்கோல் துரும்பை விட்டுக் குடைந்தார், நெஞ்சை அரக்கித் தேய்த்தார். ஒரு தும்மல் வந்தது. மர்சுதி ஓவென்று அழுதுவிட்டார். சோயாத் தராசில் நிறுத்தினார்கள். ஓங்கோல் கன்று இருபத்தைந்து கிலோ வந்தாலே பெரிசு, இது முப்பத்திரண்டு. மெட்டலாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மெனிக் ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளாடி எழுந்து கன்றை நக்கியது.

அதற்கப்புறம் பொனிரா ஆரம்பித்தாள். அடேயப்பா! அந்த மலையில் அப்படி ஒரு வசவை யாரும் கேட்டதில்லை. ‘நீங்க’ எல்லாம் ‘நீ’ ஆகிவிட்டது.

“நீ ஒரு மந்திரியா? திருடன்! எங்கண்ணு முன்னாடியே குழாயை மாத்தற வித்தைக்காரன்! ஒன்பது மாசம் எந்தெம்பேயைத் தின்னுட்டு எம்மூஞ்சியப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டுப் போனியே, அது எப்படிச் செரிச்சுது உனக்கு? என் மாடு சின்னது, வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிருமா?”

டீயும் தரவில்லை, கை கழுவத் தண்ணீரும் தரவில்லை. மர்சுதி நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் ரத்தக் கையோடு உட்கார்ந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள் இருபது வருஷமாக இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. மனுஷர் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனார் என்றால் நம்புவீர்களா?

சந்தோஷம் மறுநாளே தீர்ந்தது. ஊரில் ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. வழியில் பார்த்தால் குனிந்து வணங்கினார்கள். “வீட்டுக்கு வரணும் பாக் மந்திரி” என்றார்கள். ஆனால் போன் மட்டும் வரவில்லை. அடுத்த வட்டாரத்து மந்திரியின் வண்டி இந்தப் பக்கம் அடிக்கடி தென்பட்டது. ஒரு மாசம் போச்சு, இரண்டு மாசம் போச்சு. குடுவையில் நைட்ரஜன் வற்றிக்கொண்டு வந்தது. மர்சுதி வாசலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறைப் பெட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிடலாமா என்று யாத்மி கேட்டாள். அதற்கும் “ஆகட்டும்” என்றார்.

எழுபதாம் நாள் காலையில் போன் அடித்தது.

“உம்மேல கோவம் போயிருச்சுன்னு நினைச்சுக்காதே” என்றாள் பொனிரா. “மெனிக் கத்துது, வா.”

போனார். கையை விட்டு நிதானமாகப் பார்த்தார். பொனிரா இடுப்பில் கை வைத்து நின்றாள். வேலிக்கு மேலே வழக்கம்போல சுராத்தின் தலை.

“ரெண்டாம் ஈத்து. இப்ப மெட்டல் போடலாமில்ல?”

மர்சுதிக்கு ‘ஆ’ என்று வாய் திறந்துவிட்டது. திறந்த வாயை மூடினார்.

“முடியாதுக்கா.”

“என்னது?”

“முடியாது. ஈனறப்ப உள்ள கிழிஞ்சது இன்னும் ஆறல. இந்தப் பருவமும் அடுத்த பருவமும் எதுவுமே போடக்கூடாது. அதுக்கப்புறமும் நீலக் குழாய்தான். இது இடுப்பு என்னைக்கும் மெட்டலுக்கு ஆகாது.” சொல்லி முடித்ததும் கையுறையைக் கழற்றினார்.

பொனிரா விட்டாளா? சுண்ணாம்புப் பாறையெல்லாம் எதிரொலிக்கத் திட்டினாள். திட்டி முடித்து மூச்சு வாங்கினாள். “சரி. எப்ப வர்றேன்னு நாளைச் சொல்லு” என்றாள்.

வேலிப் பக்கம் சுராத் தொண்டையைக் கனைத்தார். “பாக் மந்திரி, அப்படியே என் கிடேரியையும் ஒரு கை பார்த்துட்டுப் போங்களேன். அதுவும் காலையில இருந்து கத்துது.”

பார்த்தார். இரண்டரை வயசுக் கிடேரி, நல்ல உயரம், சாணுக்கு மேலே மூன்று விரல்கடை அகலம்.

“இதுக்கு மெட்டல் போடலாம்” என்றார் மர்சுதி.

சுராத்துக்கு நம்பிக்கை வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “பொனிராக்கா, இவர் போடலாம்ங்கறாரே, நம்பலாமா?” என்றார்.

“நம்பு” என்றாள் பொனிரா, தவிட்டைக் கலக்கிக்கொண்டே. “எம்மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டான். இனிமே அவன் போடலாம்னு சொன்னா போடலாம்.”

மர்சுதி முகத்தைத் திருப்பிக்கொண்டு குடுவையைத் திறந்தார். வெள்ளைக் குழாயைச் சுராத் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக் காட்டிவிட்டு, வெந்நீரில் போட்டார்.